விளக்கில் தெரிந்த பெரிய சிஸ்டர்

ஆபரேஷன் மேஜையில் மல்லாந்து கிடப்பவனுக்குப் பார்ப்பதற்கென்று இருப்பது தலைக்கு மேலே தொங்கும் விளக்கு மட்டும்தான். நான் சொல்வது பழைய நாள் விளக்கு. கல்யாணச் சமையலில் சாம்பார் வைக்கும் அண்டாவைக் கவிழ்த்துத் தொங்கவிட்டதுபோல் இருக்கும். உள்பக்கம் முழுக்க முகம் பார்க்கும் பளபளப்பு. அது வெளிச்சத்துக்காக என்று டாக்டர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், கழுத்துக்கு முன்னால் பச்சைத் துணியில் ஒரு திரை கட்டப்பட்டு, இரண்டு கைகளும் விரித்துக் கட்டப்பட்டுக் கிடந்த எனக்கு அது ஓசியில் கிடைத்த சினிமா. திரைக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் அதில் கோணல்மாணலாக, குட்டிக் குட்டி உருவங்களாகத் தெரிந்தது. அந்தப் படத்தில் பார்த்த ஒரு காட்சி, இத்தனை வருஷம் கழித்தும் என்னைச் சும்மா உட்காரவிடவில்லை.

சும்மா உட்காரவிடாததற்கு இப்போது வேறு காரணமும் இருக்கிறது. இதை எழுதும்போது என் வயிற்றில் குட்டிக் குட்டியாகப் பிளாஸ்டர்கள் ஒட்டியிருக்கின்றன. அரிக்கிறது. சொறியக் கூடாது. பேனாவை மூடியும் திறந்தும், எழுந்து ஜன்னல்வரை போயும் திரும்பியும், விரல்களுக்கு வேறு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இது இடது பக்கத்துக் குடலிறக்கம். நான் சொல்ல வந்த கதை வலது பக்கத்துடையது.

அப்போது நான் வாலிபத்தின் கடைசி ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து ஜங்ஷன் பக்கம் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குப் போய் வருகிற உத்தியோகம். உத்தியோகத்தைவிட அங்கே எனக்குக் கோமாளி என்ற பெயர்தான் பெரியது. ஒரு நாள் வீட்டில் காஸ் சிலிண்டரை ஒரே மூச்சில் தூக்கிக் காட்டினேன். பார்த்தவர் என் மனைவி மட்டும், கைதட்டவில்லை. அடிவயிற்றில் ஒரு கொழுக்கட்டை மட்டும் புடைத்துக்கொண்டது. சின்ன ஆபரேஷன், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். நானும் பயப்படாமல்தான் ஆபீஸுக்கு வந்தேன். பக்கத்து மேஜைக்காரர் மசால்வடையைப் பிட்டுக்கொண்டே, "ஆபரேஷன் ஒண்ணுமில்ல சார். அதுக்கப்புறம் சீழ் வைக்குது பாருங்க, அங்கதான் இருக்கு சங்கதி," என்று ஆரம்பித்தார். அவருடைய தம்பிக்குத் தையல் பிரிந்ததும், மறுபடி திறந்ததும், மாதக்கணக்கில் கட்டு மாற்றியதும் வடை தீரும்வரை ஓடியது. அன்றிலிருந்து எனக்குக் கத்தியின்மேல் பயம் போய்விட்டது. அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமி வந்து உட்கார்ந்துகொண்டது. எதிரி தெரிந்தால் ஓடலாம். தெரியாவிட்டால் எந்தப் பக்கம் ஓடுவது?

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு வாய் கலங்கும். ஜோக்காகக் கொட்டும். முந்தின நாள் சாயங்காலமும் காலையிலும் சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் இடையிலும் குளித்தேன். தொட்டியில் தண்ணீர் தீர்ந்தபோது என் மனைவி, "என்னங்க, இனிமே காவிரியத்தான் நம்ம வீட்டுப் பக்கம் திருப்பி விடணும்," என்றாள். அதற்குள் நான் நகம் வெட்டி, வெட்டிய நகத்தை மறுபடி தேய்த்து, வெட்டுவதற்கு இனி நகமே இல்லை என்ற நிலையில் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் பெரிய சிஸ்டரிடம் போய்ச் சேர்ந்தேன். அந்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டருக்குப் பொறுப்பாளர் அவர். பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவர். உயரம் கம்மி, குரல் மலைக்கோட்டை உச்சிக்குக் கேட்கும். தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கத்துச் செருப்பு அந்தப் பக்கம் போகக் கூடாது. மறந்துபோய் ஷூவோடு கோட்டைத் தாண்டிய பெரிய டாக்டரையே அவர், "சார், கால்," என்ற இரண்டு வார்த்தையில் பின்னால் அனுப்பியதை நான் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி பார்த்தேன். டாக்டர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "உள்ள எல்லாம் அவங்க ராஜ்யம். நான் வெட்டித் தைக்கிற ஆளு, அவ்வளவுதான்."

பெரிய சிஸ்டரைச் சிரிக்க வைத்துவிட்டால் என் பயம் போய்விடும் என்று எனக்கு எப்படியோ தோன்றிவிட்டது. வார்டில் முதல் தடவை பார்த்தபோதே, "சிஸ்டர், அந்த இடத்தை நானே பிளேடு போட்டு வழிச்சுட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டேன். "பிளேடு பக்கமே போகாதீங்க. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், அதுல கிருமி குடி வந்துரும். தேவைன்னா நாங்க மெஷின்ல கத்தரிச்சுக்குறோம்," என்றார். "குடி வந்தா அட்வான்ஸ் வாங்கிக்கலாமே சிஸ்டர்?" என்றேன். அவர் என் நகங்களைப் பார்த்தார். "இத ஏன் இப்படிக் குதறி வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஜோக் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது.

அடுத்து வந்தது அரைஞாண் கயிறு. மோதிரம், கையில் கட்டிய கோயில் கயிறுகள் எல்லாம் கழன்றுவிட்டன. அரைஞாண் கயிறு மட்டும் வெட்டினால்தான் வரும் என்று இறுகிக்கிடந்தது. சிஸ்டர் கத்தரிக்கோலை எடுத்ததும் என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் ஆம்பிளையின் அரைஞாணை அறுப்பது ஒரே ஒரு சமயத்தில்தான். அந்தச் சமயத்தில் அவன் எதற்கும் ஆட்சேபம் சொல்லமாட்டான். "அத மட்டும் விட்டுருங்க சிஸ்டர், ஒரு ஓரமா தள்ளிவச்சுக்குங்க," என்று அழாத குறையாகக் கேட்டாள். நான் ஏதோ ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். சிஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்தக் கயிறு இத்தனை நாளா அவர் வேர்வை, அழுக்கு எல்லாத்தையும் குடிச்சிருக்கும்மா. கத்தி வைக்கிற இடத்துக்கு நாலு விரல் தள்ளி அது கெடந்தா என்னத்த சோப்புப் போட்டுக் குளிச்சு என்ன? நான் அறுக்கல. நீயே அவிழ்க்க முடியுதா பாரு. தையல் பிரிச்ச அன்னிக்குப் புதுசு வாங்கிட்டு வா, நானே கட்டச் சொல்றேன்." என் மனைவி நகத்தாலும் பல்லாலும் அந்த முடிச்சோடு போராடி அவிழ்த்தாள். பல் படுகிறதே என்று சிஸ்டர் முகம் சுளித்ததையும், பிறகு அந்த இடத்தைத் துடைக்க ஆளைக் கூப்பிட்டதையும் நான் கவனித்தேன்.

தியேட்டருக்குள் மார்கழிக் காலைக் குளிர். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் கை கழுவுவது தெரிந்தது. முழங்கையால் குழாயைத் திறந்து, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று அவர் கழுவிக்கொண்டே இருந்தார். ஓட்டலில் நான் கை கழுவுவதை நினைத்துப் பார்த்தேன்; விரல் நுனிக்குத் தண்ணீரைக் காட்டிவிட்டு வருவேன். முதுகில் ஊசி போட்டார்கள். கால்கள் எனக்குச் சம்பந்தமில்லாத இரண்டு மூட்டைகளாயின. கையில் ஏறிய மருந்தைக் கேட்டேன். சீழ் வைக்காமலிருக்கக் கத்தி வைப்பதற்கு முன்பே போடுவது என்றார்கள். வயிற்றில் பழுப்பு மருந்தை அகலமாகப் பூசினார்கள். விளக்கில் பார்த்தேன், என் வயிறு மைசூர்பாகு நிறத்தில் இருந்தது. அது தானாகக் காயும்வரை யாரையும் துடைக்க விடவில்லை பெரிய சிஸ்டர். "கதவ ஆட்டாதீங்க. ஒவ்வொரு தடவையும் வெளிக்காத்து உள்ள வருது. யார் என்ன வேணுமோ இப்பவே எடுத்துக்குங்க," என்று அதட்டினார். எனக்கு அவர் அதட்டல் பிடித்திருந்தது. அவர் அதட்டாத நேரத்தில்தான் பக்கத்து மேஜைக்காரரின் தம்பி ஞாபகத்துக்கு வந்தான்.

பச்சைத் துணிகளை விரித்து, வெட்டப்போகும் இடத்தை மட்டும் ஜன்னல்போல் விட்டு, கழுத்துக்கு முன்னால் திரையையும் தூக்கிக் கட்டினார்கள். அந்த நிமிஷம் என் வாய் முழுசாகக் கலங்கியது. "சிஸ்டர்," என்றேன். "எங்க ஸ்ரீரங்கத்துல பெருமாளுக்குத் தளிகை படைக்கறப்போதான் திரை போடுவாங்க. வெளியில நாங்க புளியோதரைய நெனச்சுக்கிட்டு நிப்போம். இன்னிக்குத்தான் திரைக்கு உள்பக்கம் எடம் கெடச்சுதுன்னு சந்தோஷமாப் படுத்திருந்தேன். தளிகையே நான்தான்னு இப்பத்தான் புரியுது."

பெரிய சிஸ்டர் சிரித்தார். தோள் குலுங்கியது. நான் ஜெயித்துவிட்டேன். விளக்கில் குட்டியாகத் தெரிந்த அவர் முகத்தில், அந்தச் சிரிப்பில் முகக்கவசம் மூக்கிலிருந்து நழுவிக் கீழே இறங்கியது. அவர், எல்லோரும் செய்வதுபோல, வலது புறங்கையால் அதை மேலே தள்ளிக்கொண்டார். கிருமி நீக்கிய கையுறை போட்ட கை. சுத்தம் செய்து, துணியில் சுற்றி, ஆவியில் வேகவைத்து, அந்தக் கையைத் தவிர வேறெதுவும் தொடாமல் அடுக்கி வைத்திருந்த கருவித் தட்டுக்குப் போகவேண்டிய கை.

டாக்டர் குனிந்து வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவி டாக்டர் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மயக்க டாக்டர் என் தலைமாட்டில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு நர்ஸ் அலமாரிப் பக்கம் திரும்பியிருந்தார். பார்த்தது நான் ஒருவன். டாக்டர் நிமிராமலே கையை நீட்டினார், கத்திக்காக. சிஸ்டரின் கை தட்டை நோக்கி நகர்ந்தது.

சொல்லவேண்டுமா, வேண்டாமா? சொன்னால், அத்தனை பேர் முன்னால், தியேட்டரே நடுங்குகிற மனுஷியைக் காட்டிக்கொடுத்தவனாவேன். அதுவும் வயிற்றைத் திறக்கப்போகிறவர்கள் முன்னால். சொல்லாவிட்டால் கட்டு மாற்றிக்கொண்டே என் காலம் போகும். ஜோக்காகச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். வாழ்நாளில் முதல் தடவையாக என் வாய்க்குள் ஒன்றுமே இல்லை. விளக்கை முறைத்துப் பார்த்தேன்.

அவர் கை பாதி வழியில் நின்றது. தலை நிமிர்ந்தது. விளக்குக்குள் அவர் கண்ணும் என் கண்ணும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. பார்த்துக்கொண்டதாகத்தான் எனக்குத் தோன்றியது.

"தொட்டுட்டேன்," என்றார் பெரிய சிஸ்டர். மலைக்கோட்டைக்குக் கேட்கும் அதே குரல்.

டாக்டர் நீட்டிய கையை உடனே இழுத்துக்கொண்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சிஸ்டர் மேஜையைவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். இன்னொரு நர்ஸ் ஓடிவந்து அவருடைய கையுறையையும் மேலங்கியையும் கழற்றினார். முகக்கவசத்தையும் மாற்றிக்கொண்டு அவர் மறுபடி கை கழுவப் போனார். அந்தக் கழுவலும் விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று முழு நீளத்துக்கு நடந்தது. அதுவரை டாக்டர் இரண்டு கைகளையும் மார்போடு கோத்துக்கொண்டு சாமி கும்பிடுகிறவர்போல் நின்றார். திரைக்கு மேல் எட்டி என்னைப் பார்த்து, "இனிமே ஜோக் வேணாம் சார். தையல் பிரிக்கிற அன்னிக்குச் சொல்லுங்க, சேத்து வச்சுச் சிரிச்சுக்கறோம்," என்றார். புது அங்கியில் திரும்பி வந்த சிஸ்டர் என் பக்கம் பார்க்காமல், "நல்லாத்தான் இருந்துச்சு. சிரிச்சது என் தப்பு," என்றார். பிறகு டாக்டர் கையில் கத்தியை வைத்தார்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தபின் என் தொல்லை குறையவில்லை, வடிவம் மாறியது. துறையூரிலிருந்து என் மனைவியின் அண்ணன், என் மச்சான், வாழைத்தாரோடு வந்து கட்டிலிலேயே உட்கார்ந்தார். நம் ஊரில் ஆபரேஷன் பார்க்க வருகிறவர்களுக்கு ஆர்லிக்ஸ் பாட்டில் கொடுப்பது பாதிக் கடமை. தையலைப் பார்ப்பது மீதிக் கடமை. "எங்க மாப்ள, காட்டுங்க பாப்போம்," என்று அவர் விரல் பிளாஸ்டரின் ஓரத்துக்கு வந்தது. "தொட்டுட்டேன்!" என்று நான் அலறினேன். மச்சான் கையை இழுத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். "நான் இன்னும் தொடவே இல்லியே மாப்ள. தொட்டாலும் நான்ல சொல்லணும், நீங்க ஏன் சொல்றீங்க?" பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். வீட்டில் அரைத்த மஞ்சளாம். "எங்க மாட்டுக்குக் கொம்பு கிழிச்சப்ப இதத்தான் அப்புனோம். இப்ப என்னமா பால் கறக்குது தெரியுமா?" நான் பால் கறக்கும் உத்தேசத்தில் இல்லை என்று சொல்லி அவரை நாற்காலிக்கு மாற்றுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. வேர்வை பிளாஸ்டரில் இறங்குமோ என்று விசிறச் சொன்னேன்.

கட்டுப் பிரிக்கிற அன்று பெரிய சிஸ்டரே வார்டுக்கு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் மாட்டியிருந்த மருந்தைக் கையில் பிழிந்து தேய்த்துக்கொண்டு, கையுறையும் போட்டுக்கொண்டு, பிளாஸ்டரை உரித்தார். "சிவப்பு இல்ல. சூடு இல்ல. கசிவு இல்ல. வீட்டுக்குப் போகலாம்," என்றார். அவரை முகக்கவசம் இல்லாமல் அன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று லேசாகத் தெற்றியிருந்தது, அதட்டாத முகம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதே.

"சிஸ்டர், அன்னிக்கு யாருமே பாக்கல. எதுக்குச் சொன்னீங்க?"

"நீங்க பாத்தீங்கள்ல. லைட்டுல உங்க முழி ரெண்டும் என்னையேதான பாத்துட்டு இருந்துச்சு."

"அப்ப, நான் பாக்கலேன்னா?"

அவர் சிரித்தார். இந்தத் தடவை முகக்கவசம் எதுவும் நழுவவில்லை. "அத நீங்க எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" என்றார். "நானே சொன்னாலும் நம்பவா போறீங்க? முக்காவாசிப் பேரு மயக்கத்துல கெடக்காங்க. யாரு பாத்துட்டு இருக்காங்க எங்கள? அதான் சார் எங்க வேலையே." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். என் மனைவி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த புது அரைஞாண் கயிற்றை, தையல் பிரித்த பிறகு கட்டு என்று தள்ளி நின்றபடியே சைகை காட்டினார்.

காயம் சுத்தமாக ஆறியது. கேள்வி ஆறவில்லை. முதலில் நடந்தது எது? அவர் கை நின்றது முன்னாலா, கண் நிமிர்ந்தது முன்னாலா? பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போதும் அந்தக் குட்டி உருவங்களை ஓடவிட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் கை முதலில் நிற்கும். இன்னொரு நாள் கண் முதலில் நிமிரும். ஓட்டல் சமையலறைக் கதவு ஆடும்போது உள்ளே எட்டிப் பார்ப்பேன். சலூனில் புது பிளேடு பிரிப்பதைக் கண்ணாடியில் கண்காணிப்பேன். பார்க்காதபோது இவர்களெல்லாம் என்ன செய்கிறார்கள்? நான் பார்க்காத இடத்தில்தான் உலகத்தின் பெரும்பகுதி நடக்கிறது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது. உறைத்தது நிம்மதியாகவும் இல்லை. ஒரு தடவை திருவானைக்காவல் ஸ்டாப்பில் பழக்கடையில் அவர் கொய்யா பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இறங்கிக் கேட்டுவிடலாமா என்று எழுந்தேன். என்ன கேட்பது? அந்தச் சமயம் பார்த்து இருமல் வந்தது. கையைத் தூக்கினவன் என்னையறியாமல் முழங்கை மடிப்பில் இருமினேன். பஸ் கிளம்பிவிட்டது. பிறகு அவர் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு வெளியூர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது இடது பக்கம். காஸ் சிலிண்டர் இல்லை, வயசு. அதே ஆஸ்பத்திரி, புது மாடி. இந்தத் தடவை துளை போட்டுச் செய்வது, முழு மயக்கம் என்று சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "முழிச்சிருக்க முடியாதா டாக்டர்?" என்பதுதான். புது டாக்டர் என்னை வீரன் என்று நினைத்துக்கொண்டார். புறப்படுகிற அன்று காலையில் என் மனைவி தானே கத்தரிக்கோலை எடுத்து வந்து அரைஞாண் கயிற்றைச் சட்டென்று வெட்டினாள். "பல்லெல்லாம் வைக்கக் கூடாதுங்க," என்றாள்.

உள்ளே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வலது பக்கக் காலத்தில் எனக்குக் கண்ணாடி கிடையாது; இப்போது அது இல்லாவிட்டால் எதிரில் இருப்பது ஆளா அலமாரியா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். பழக்கதோஷத்தில் மேலே பார்த்தேன். அண்டா இல்லை. தட்டையாக, வெள்ளை வெள்ளைப் புள்ளிகளாக, மாக்கோலம்போல் ஒரு புது விளக்கு. அதில் யார் முகமும் தெரியாது. பச்சைப் பச்சையாகச் சில நிழல்கள் நகர்ந்தன. கண்ணாடி போச்சு, விளக்கு போச்சு, இன்னும் கொஞ்ச நேரத்தில் நினைவும் போகும். நாக்கை மடித்து வைத்துக்கொண்டேன். ஜோக் ஒன்றும் சொல்வதில்லை என்று வீட்டிலேயே சத்தியம். இதயம் மட்டும் மானிட்டரில் என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அப்போது கால்மாட்டுப் பக்கம், எனக்கும் மற்றவர்களுக்கும் முதுகைக் காட்டிக் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பச்சை நிழலிடமிருந்து குரல் வந்தது. சின்னப் பெண் குரல்.

"தொட்டுட்டேன்."

"எத?" என்றார் யாரோ.

"கை டிராலியோட ஓரத்துல பட்டுருச்சு. வேற கையுறையும் வேற செட்டும் பிரிங்க அண்ணே."

யாரும் உச்சுக்கொட்டவில்லை. காகித உறை பிரியும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணுக்குப் பெரிய சிஸ்டரைத் தெரிந்திருக்குமோ, தெரியாதோ. தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்க்க நினைத்தேன். பார்த்தாலும் எனக்குத் தெரியாது. அவளும் என்னைப் பார்த்திருக்கவில்லை.

மயக்க டாக்டர் என் முகத்தின் மேல் மாஸ்க்கை வைக்கக் குனிந்தார். "பயமா இருக்கா சார்? மருந்து ஏறினதும் தானா தூக்கம் வந்துடும். அதுவரைக்கும் கண்ணத் தொறந்தே வச்சிருந்தாலும் பரவால்ல," என்றார்.

மருந்து ஏறும்வரை நான் காத்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.